சபாக்கிலிருந்து வந்த பஞ்ச் கிண்ணம்

அந்தச் சனிக்கிழமை, மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஏழாங்கட்டைத் தோட்டத்து மாதா கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: மணப்பெண் ஜெசிந்தா, அவளைப் பெற்ற என் தங்கை அருள்மேரி, அவள் கணவர் செபாஸ்தியான், செபாஸ்தியானின் அண்ணனும் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வுபெற்றவருமான சூசை, மாப்பிள்ளை டேனியல், அவருடைய அம்மா மார்த்தா, தாய்மாமன் ஒருவர், இந்த மூவரும் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்கள், பங்குச் சாமியார், சபாக்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் பாய், நான், சொந்தக்காரர்களும் தோட்டத்து ஆட்களுமாக இன்னும் நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆக நூற்று இருபத்தெட்டு. இடுப்புக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. செரண்டாவில் தட்டு, கிளாஸ், நாற்காலி வாடகைக்கு விடுகிறவள் நான். படிவம் ஒன்று, அதாவது ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் ஆள் எண்ணுவதில் தப்பு வராது.

பயணத்தைச் சொல்வதற்கு முன்னால், ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஜெசிந்தா வர்ஜீனியாவில் நர்ஸ். மாப்பிள்ளையை அங்கேதான் பார்த்துப் பிடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. மார்த்தா அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் ஒரே கிண்ணத்தில் பஞ்ச் குடிக்க வேண்டும். அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியில் இருந்த காலத்திலிருந்தே அவர்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் உண்டாம். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், ரம், மேலே ஜாதிக்காய்த் துருவல். பெரிய பீங்கான் கிண்ணத்தில் கலந்து மேசைக்குக் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர் முதலில் விருந்தாளிக்கு நீட்டுவார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அப்படியே வட்டம் சுற்றிவரும். எலுமிச்சையும் சர்க்கரையும் கப்பலில் வரவேண்டிய காலம் அது. கிண்ணமே சீனாவிலிருந்து வரவேண்டும். அதனால் கிண்ணம் வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணில் படுகிற இடத்தில் அடுக்கி வைப்பார்களாம். நம் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை ஷோகேசில் வைக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

ஜெசிந்தா "சரி" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மார்த்தா அம்மா தன் வீட்டுக் கிண்ணத்தையே துண்டுகளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தபோது அது மூன்று சில்லாகக் கிடந்தது. அந்த அம்மா அழவில்லை. சில்லுகளை மேசையில் வைத்து ஒன்றோடு ஒன்று பொருத்திப் பொருத்திப் பார்த்தார்.

"பெரியம்மா, உங்க கடையில பெரிய மங்கு ஏதாச்சும் இருக்கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

என்னிடம் இருக்கும் மங்கு, கிண்ணமெல்லாம் பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் பாத்திரத்தின் மேல்தான் போகும். இரண்டு வருடத்துக்கு முன்பு காதர் பாய் கடைக்குத் தட்டு இறக்கப் போனபோது, அடுப்படி அலமாரியில் நீலப் பூப்போட்ட பெரிய வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதில் வெங்காயம் இருந்தது. உடனே போன் போட்டேன்.

"அது துரை பங்களாவைக் காலி பண்ணப்ப எங்க வாப்பா வாங்குனது," என்றார் பாய். "தரேன். ஆனா ரம் கிம் ஊத்துறதா இருந்தா மங்கு வெங்காயத்தோடயே இருக்கட்டும், தங்கச்சி."

மார்த்தா அம்மாவிடம் கேட்டோம். ரம் போனால் போகட்டும், கிண்ணம் ஒன்றாக இருந்தால் போதும் என்றார். அப்பாடா என்று உட்காரக்கூட இல்லை, சூசை மண்டோரிடமிருந்து போன்.

"எச்சி மங்குல நூறு பேரு வாய வெப்பீங்களா? என்னையும் வெக்கச் சொல்லுவீங்களா? எந்திரிச்சிப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

பெண் பக்கத்தில் மூத்தவர் அவர்தான். அவர் எழுந்தால் பாதிக் கூட்டம் பின்னாலேயே எழுந்துவிடும். அதனால் யாருக்கும் சொல்லாமல், வாடகைக் கிளாஸ் நூற்றைம்பதை ஆறு பெட்டிகளில் அடுக்கி வேனில் ஏற்றினேன். நிலைமை முற்றினால் ஆளுக்கொரு கிளாசில் ஊற்றிக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. செபாஸ்தியானுக்கு மட்டும் சொன்னேன். வாடகை கிளாசுக்கு நாற்பது காசு, மொத்தம் அறுபது வெள்ளி, ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன். "சரிக்கா, கொண்டாந்துருங்க," என்றார். இதைக் கடைசிவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 4.40. செரண்டாவிலிருந்து கிளம்பினேன். நாற்காலியும் தட்டும் முதல் நாளே லோரியில் போய்விட்டன. வேனில் நானும் கிளாஸ் பெட்டிகளும்தான். ரவாங் வந்ததும் நிறுத்தி, பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தையில் மறுபடியும் பார்த்தேன்.

6.00. கோலா சிலாங்கூர். மீட்டரில் ஐம்பத்தெட்டுக் கிலோமீட்டர். குன்றின் மேல் கலங்கரை விளக்கம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மீன் வாடை வேனுக்குள்ளேயே வந்துவிட்டது. பெட்ரோல் ஐம்பது வெள்ளிக்குப் போட்டேன். நாசி லெமாக் சோறு இரண்டு வெள்ளி ஐம்பது காசு. பாதிதான் இறங்கியது.

6.25. தஞ்சோங் காராங் பாசார். கஸ்தூரி எலுமிச்சை நான்கு கிலோ இருபத்து நான்கு வெள்ளி. ஜாதிக்காய் பத்து, எட்டு வெள்ளி. விற்ற மலாய்க்காரப் பெண், இத்தனை எலுமிச்சை எதற்கு என்று கேட்டாள். கல்யாணத்துக்கு என்றேன். "யார் மேலே பேய்?" என்று சிரித்தாள்.

அங்கிருந்து செகிஞ்சான் வரை இரண்டு பக்கமும் வயல். விடிகிற வெளிச்சத்தில் கதிர் முற்றி மஞ்சளாகக் கிடந்தது. போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: செரண்டாவில் எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைக் கூரையும் மலையும் குறுக்கே நிற்கும். இங்கே கண்ணை மறிக்க ஒன்றும் இல்லை. கொக்கு ஒன்று நடப்பதை அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பார்க்கலாம். இப்படித் திறந்து கிடக்கும் இடத்தில் மனசு லேசாக வேண்டும் என்பார்கள். எனக்கு, பாய் மனம் மாறியிருப்பாரோ என்ற நினைப்புதான் ஓடியது.

7.30. சபாக். காதர் பாய் மாறவில்லை. கடை வாசலில் வெள்ளைச் சட்டையும் கட்டம்போட்ட கைலியுமாக நின்றிருந்தார். வெங்காயம் வாளிக்குப் போயிருந்தது. கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி மேசைமேல் வைத்திருந்தார். இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடிந்தது. உள்ளே எட்டு லிட்டர் பிடிக்கும். விளிம்பில் நகக்கண் அளவு ஒரு கீறல் இருந்ததை அவரே காட்டினார். "இது ஏற்கெனவே இருந்தது. இதுக்கு நீ பொறுப்பில்ல."

"மத்ததுக்கு?"

"மத்ததுக்கு நானே வரேன்," என்றார். "எங்க வாப்பா மங்கு. தனியா அனுப்புவேனா?"

கூடவே கூலா மெலாக்கா வெல்லம் மூன்று கிலோவும், பெரிய கெட்டில் நிறையக் கடுந்தேயிலைச் சாயமும் ஏற்றினார். ரம் இல்லாத பஞ்ச்சுக்குச் சாயம்தான் கெட்டி கொடுக்கும் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

கிண்ணத்தை இன்னொரு கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். இருவரையும் சேர்த்து பெல்ட் போட்டேன். ஐம்பதுக்கு மேல் நான் மிதிக்கவில்லை. சுங்கை புசாரில் ஒரு டிராக்டர் எங்களை முந்திப் போனது.

"தங்கச்சி."

"சொல்லுங்க பாய்."

"இந்த வேகத்துல போனா அந்தப் பொண்ணோட புள்ள கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவோம்லா."

"மேடு பள்ளமா இருக்கு பாய்."

"ரோட்டுல எங்க இருக்கு? எல்லாம் உன் தலைக்குள்ள இருக்கு."

9.50. புக்கிட் ரோத்தான். சபாக்கிலிருந்து எண்பத்தாறு கிலோமீட்டர். ஐஸ் மூன்று மூட்டை, பதினெட்டு வெள்ளி. தார் ரோடு இங்கே முடிகிறது. உள்ளே ஆறு கிலோமீட்டர் எண்ணெய்ச் செம்பனைக்கு நடுவே மண் ரோடு. இந்த இடத்தில் மேடு பள்ளம் என் தலைக்குள் இல்லை. பழக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தது. ஒதுங்கியதில் இடது சக்கரம் வடிகால் கான் ஓரத்தில் இறங்கிவிட்டது. பின்னால் நூற்றைம்பது கிளாசும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மங்கு?"

"இருக்கு."

"பாத்துச் சொல்லுங்க பாய்."

"என் வயித்து மேல இருக்கு. எனக்குத் தெரியாதா? நீ கண்ணத் தொற மொதல்ல, ஓட்டுறவ நீதான்."

10.25. மண்டபம். கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பாய் பின்கட்டில் வேலையைத் தொடங்கினார். எலுமிச்சையைப் பிழிந்து, கூலா மெலாக்காவைக் காய்ச்சி வடிகட்டி, சாயமும் தண்ணீரும் சேர்த்து, ஜாதிக்காயைக் கிண்ணத்தின் மேலேயே துருவினார். அந்த மணம் பரவியதும் சமையல்காரப் பெண்கள் பிரியாணியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

12.15. எல்லோரும் மண்டபத்தில். கிண்ணம் நடு மேசைக்கு வந்தது. மார்த்தா அம்மா அதைப் பார்த்ததும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு நீலப் பூவை விரலால் தடவினார். தன் வீட்டுக் கிண்ணமும் இதே சாயலில் சீனாவிலிருந்து கப்பலேறிப் போனதுதான் என்றார். ஜெசிந்தா தமிழில் சொன்னாள். "ஒண்ணு அந்தப் பக்கம் போச்சு, ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு," என்று பாய் முடித்துவைத்தார்.

செபாஸ்தியான் தன் அண்ணனிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பேசவில்லை. அவர் முகத்திலிருந்தே தெரிந்தது.

மார்த்தா அம்மா முறைப்படி கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். டேனியல் அடியைத் தாங்கிக்கொண்டார். முதல் மரியாதை மூத்தவருக்கு. அம்மாவும் பிள்ளையும் நேரே சூசை மண்டோர் முன்னால் போய் நின்று, சிரித்துக்கொண்டே நீட்டினார்கள்.

மண்டோர் கிண்ணத்தைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். நான் மெதுவாகச் சுவரோரம் நகர்ந்து முதல் கிளாஸ் பெட்டியின் பிளாஸ்டரைப் பிரிக்கப் போனேன். அதற்குள் கல்யாணச் சேலை சரசரக்க ஜெசிந்தா வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தொறக்காதீங்க பெரியம்மா. தனித்தனி கிளாஸ்னா அத்தை கேட்டது இல்லாமப் போயிடும்."

"பெரியப்பா எந்திரிச்சிட்டாருடி!"

ஆமாம், எழுந்துவிட்டார். ஆனால் போவதற்கு இல்லை. கிண்ணத்தைக் கையில் வாங்கினார். வந்தவர் நீட்டியதைத் தட்டிவிடவும் அவருக்கு மனம் வரவில்லை, வாய் வைக்கவும் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார். தலையைப் பின்னால் சாய்த்து, எட்டு லிட்டர் கிண்ணத்தைச் செம்பு மாதிரி தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து ஊற்றினார்.

செம்பின் வாய் நாலு விரல். இந்தக் கிண்ணத்தின் வாய் ஒரு முழம். வாய்க்குள் கொஞ்சம் போனது. மற்றதெல்லாம் மூக்கு, கண், மீசை, புதுச் சட்டை. ஐஸ் கட்டி ஒன்று காலருக்குள் இறங்கியது. "ஐயோ!" என்று அவர் தோளைக் குலுக்கியதில் ஈரக் கிண்ணம் கையிலிருந்து நழுவியது.

காதர் பாய் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் அடியில் ஏந்தி, மார்போடு அணைத்துக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டையும் சாயமாகிவிட்டது.

மண்டோர் முகத்தைத் துடைத்தார். நாக்கால் மீசையை நக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. பாய் கிண்ணத்தை மேசையில் வைத்து, மிச்சச் சாற்றை ஊற்றி நிரப்பினார். நீளக் காம்புக் கரண்டியை எடுத்தார்.

"மண்டோர், நாப்பது வருஷமா தே இழுக்குறவன் நான். ஒரு சொட்டு கீழ விழாது, ஒரு சொட்டு ஒங்க ஒதட்டுலயும் படாது. நிமிந்து நின்னு வாயத் தொறங்க."

மண்டோர் திறந்தார். பாய் கரண்டியில் மொண்டு கையை மேலே தூக்கினார். கடையில் தேநீரை உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும்போது விழுகிற அதே நீளக் கம்பியாகப் பஞ்ச் இறங்கி நேரே தொண்டைக்குள் போனது. கரண்டியும் தொடவில்லை, உதடும் தொடவில்லை. ஒரே கிண்ணம், எச்சில் இல்லை!

குடித்து முடித்து மண்டோர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்த மாதிரி மங்குல துரைங்க குடிக்கிறப்ப, எங்கப்பன் பங்களாப் படிக்குக் கீழ குனிஞ்சி நின்னு கையில தண்ணி வாங்கிக் குடிச்சாரு. இன்னிக்கு அவரு மவன் நிமிந்து நின்னு குடிச்சேன். எல்லாரும் வரிசையா வாங்க. ஒருத்தரும் குனியக் கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போதுகூட எனக்குக் கை துள்ளுகிறது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்து நின்றவர் மார்த்தா அம்மா. முதல் கரண்டி மூக்கில் போய் இருமினார். இரண்டாவது சட்டையில். "அத்தை, மூச்ச அடக்குங்க!" என்று ஜெசிந்தா தமிழிலேயே கத்தினாள். மூன்றாவது கரண்டி ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கியது. அந்த அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கிக் கூவினார். தோட்டமே கைதட்டியது. தாய்மாமன் நான்கு தடவை முயன்றார். கடைசிவரை அவருக்கு மீசைதான் குடித்தது. "சார், இன்னொரு ரவுண்டு வரிசைக்குப் போங்க," என்று மண்டோர் பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக்களத்தில் ஆள் நிறுத்திய அதே குரல்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குடித்தார். டேனியலும் ஜெசிந்தாவும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து நிற்க, பாய் ஒரே கரண்டியில் இரண்டு வாய்க்கும் கம்பியைத் தாண்டவைத்தார். கிண்ணம் இரண்டு தடவை நிரம்பியது. மண்டோர் பாய் கையிலிருந்து கரண்டியை வாங்கி அவருக்கு ஊற்றினார். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். புரையேறிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் அண்ணாந்தேன். ஏறவில்லை. எலுமிச்சையின் புளிப்பு, வெல்லம், சாயத்தின் துவர்ப்பு, மேலே ஜாதிக்காய். நான்தான் நூற்று இருபத்தெட்டாவது ஆள்.

4.10. கிளம்பும் நேரம். கிண்ணத்தை நானே கழுவித் துடைத்தேன். பழைய கீறலைத் தவிர வேறு கீறல் இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை பார்த்தேன். மார்த்தா அம்மா விலைக்குக் கேட்டார். "விக்கிறதுக்கில்ல. பேரப்புள்ள கல்யாணத்துக்கு வந்து குடிக்கச் சொல்லு," என்று பாய் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டார். வாடகையாக அவர் எடுத்துக்கொண்டது சமையல்கட்டில் மிச்சமிருந்த நாலு கிலோ வெங்காயம்.

அவர்கள் நாட்டில் அந்தக் காலத்துக் குடிக்கடைகளில் கிண்ணம் உடைந்தால், குடித்தவர்கள் பில்லிலேயே அதையும் சேர்த்துவிடுவார்களாம். மார்த்தா அம்மா விடைபெறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். என் தொழிலிலும் அதே சட்டம்தான். போன இடமெல்லாம் உடைந்ததை எண்ணித்தான் நான் வீடு திரும்புவேன். அன்று எண்ண ஒன்றும் இல்லை. ஆறு பெட்டியும் செரண்டாவில் ஒட்டிய பிளாஸ்டரோடு அப்படியே வேனில் ஏறின.

செபாஸ்தியான் நாற்காலிக்கும் தட்டுக்கும் எண்ணிக் கொடுத்தார். கிளாஸ் வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஒரு கிளாஸ்கூட நனையலியேக்கா. நனையாத கிளாசுக்கு என்ன வாடகை?"

"சபாக் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு தம்பி."

"ஊரு சுத்திப் பாத்துச்சில்ல? அதுங்கதான் உங்களுக்குக் காசு கொடுக்கணும்."

பக்கத்தில் நின்ற மண்டோர், "கொடுக்காதடா, கொடுத்தா ஒரே மங்குல குடிச்ச நம்ம தோத்த மாதிரி," என்றார். சட்டையில் சாயக் கறை காய்ந்துபோயிருந்தது.

பாயைச் சபாக்கில் இறக்கிவிட்டேன். கிண்ணம் அதே அலமாரியில் ஏறியது. என் கண் முன்னாலேயே வெங்காயத்தைக் கொட்டினார். திரும்பி வரும்போது வேன் எண்பதைத் தொட்டிருந்தது. செகிஞ்சானைத் தாண்டித்தான் அதைக் கவனித்தேன். பின்னால் கிளாசெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டன. நான் நிறுத்திப் பார்க்கவில்லை. தொழில் தொடங்கியதிலிருந்து வராத பணத்தை நினைத்து நான் சிரித்துக்கொண்டே ஓட்டியது அன்றைக்குத்தான்.

செபாஸ்தியான் தரவேண்டிய பாக்கி, கிளாஸ் நூற்றைம்பதுக்கு: அறுபது வெள்ளி.